கன்னத்துக் கறுப்பு

சிவப்பை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் தேமொழி உட்கார்ந்தாள். பழைய கலர் போட்டோக்களுக்கு எல்லாம் ஒரே நோய்தான். வருஷம் ஆக ஆக முதலில் நீலம் சோர்ந்து போகும், பின்னாலேயே பச்சை வெளுக்கும், சிவப்பு மட்டும் விசேஷத்துக்கு வந்துவிட்டுக் கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி கடைசிவரைக்கும் உட்கார்ந்திருக்கும். பெண், மாப்பிள்ளை, வாழைமரம் எல்லாவற்றுக்கும் ஒரே மருதாணி நிறம். கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் "ஸ்கேன் பண்ணினா அப்படியே வந்துருமாம்மா?" என்று கேட்பார்கள். அப்படியே வந்துவிடக் கூடாது என்பதற்குத்தானே அவள் கடை வைத்திருக்கிறாள். ஸ்கேனருக்கு என்ன தெரியும்? கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்ததை எடுத்துக் கொடுக்கும், அதிலும் தன் பங்குக்குக் கொஞ்சம் பச்சையைத் தெளித்துக் கொடுக்கும். அந்தத் திருட்டுப் பச்சையைப் பிடிப்பதற்காகப் போட்டோவுக்குப் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்தே ஸ்கேன் பண்ணுவாள். அட்டை அட்டையாகவே வந்தால் மெஷின் யோக்கியம். தானாகவே கலரைச் சரிசெய்யும் வசதி ஒன்று அதில் உண்டு, வாங்கிய அன்றைக்கே அதை அணைத்து வைத்துவிட்டாள். யாரைக் கேட்டுச் சரி செய்கிறது அது? கடைச் சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடிக்கச் சொன்னபோது பெயின்டர் "எழவு வீடு மாதிரி இருக்கும்க்கா" என்றார், நீங்க அடிங்க என்றாள். வேலைக்கு உட்காரும்போது கட்டுவதும் சாம்பல் புடவைதான். சிவப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது மானிட்டர் கண்ணாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். மன்னார்குடியில் கலர் தப்பிய படம் என்றால் பந்தலடிப் பக்கம் அந்த அம்மாவிடம் கொண்டு போ என்று போட்டி ஸ்டூடியோக்காரர்களே அனுப்பிவைப்பார்கள். அதில் அவளுக்குக் கர்வம்தான், இல்லை என்று சொல்வானேன். கண் இருக்கிறது, பேசுகிறாள்.

இன்றைக்குக் கண்ணாடி மேல் கவிழ்ந்து கிடக்கிற போட்டோ அவளுடைய கல்யாணப் போட்டோ. ஆனால் வேலை பெண்ணிடமும் இல்லை, மாப்பிள்ளையிடமும் இல்லை, கூட்டத்தில் நிற்கிற அப்பாவிடம். அப்பா போய்ச் சேர்ந்து இன்னும் அவர் செருப்பை வாசலிலிருந்து எடுக்க யாருக்கும் கை வரவில்லை. சாயங்காலம் படிப்பகத்தில் படத்திறப்பு. மற்ற வீடுகளில் அய்யரைக் கூப்பிட்டு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். சாமி இல்லை என்று சொல்லி ஆயுசு முழுக்கக் கறுப்புச் சட்டை போட்ட அப்பா மாதிரியானவர்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது. பெரிதாக ஒரு படம் போட்டு, துணியால் மூடி மேடையில் வைத்து, இயக்கத்துப் பெரியவர் ஒருவர் துணியை விலக்குவார், பிறகு தெரிந்தவர்கள் எழுந்து பேசுவார்கள். எந்தப் படம் என்று யோசிக்கவே அண்ணன் விடவில்லை. இந்தப் படம்தான். அண்ணன் பெயர் இங்கர்சால், அமெரிக்க நாத்திகர் ஒருவரின் பெயர், அப்பா வைத்தது. அவள் மாமியாருக்குக் கடைசிவரை அந்தப் பெயர் வாயில் நுழையாமல் "இங்குத் தம்பி" என்றே கூப்பிட்டு முடித்துவிட்டார். அண்ணனுக்கு இந்தப் படத்தின் மேல் உயிர், ஏனென்றால் இதில்தான் அப்பா சம்பந்தி வீட்டுக் கூட்டம் மொத்தத்துக்கும் நடுவில், அக்னிக்கும் அய்யருக்கும் முன்னால், கறுப்புச் சட்டையை இரண்டு விரலால் இழுத்துக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார். என் சட்டையைப் பாருங்கடா என்கிற மாதிரி. 'பெத்த பொண்ணு கல்யாணத்துலேயே கொள்கையை விட்டுக்கொடுக்காத மனுஷன்' என்று அண்ணன் இதை எத்தனை மேடையில் சொல்லியிருப்பார், சாயங்காலமும் சொல்லத்தான் போகிறார். இப்போதுகூட போன்.

"முடிஞ்சுதாம்மா?"

"இப்பதாண்ணே உக்காந்திருக்கேன்."

"சட்டை நல்லாக் கறுப்பா வரணும், சொல்லிட்டேன். நான் பேசப் போறதே அதை வச்சுத்தான்."

"இருக்கிறது வரும்ண்ணே."

"இருக்கிறதுதான் கறுப்பாச்சே! வெட்டி ஒட்டி எதுவும் பண்ணாத. உள்ளது உள்ளபடி வேணும்."

உள்ளது உள்ளபடி. அதுதானே அவள் தொழில். போனை வைத்துவிட்டு ஸ்கேனர் மூடியைத் திறந்து, தூசியைத் துடைத்து, மறுபடி மூடினாள். வெளிச்சக் கோடு அடியில் நகர்ந்து போயிற்று, அப்பா மேல் நகர்ந்து போயிற்று. வேலையைப் பார் தேமொழி. திரையில் படம் விழுந்தது, எதிர்பார்த்த மாதிரியே செக்கச் செவேல் என்று. சட்டை பழுப்பும் சிவப்புமாகக் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருந்தது, அதனால் ஒன்றுமில்லை, எந்தக் கறுப்பும் பழைய போட்டோவில் அப்படித்தான் ஆகும். அவளுக்கு வேண்டியது ஒரே ஓர் இடம், இது என்ன நிறம் என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடம். அதை மெஷினுக்குத் தொட்டுக் காட்டி இதுதான் சாம்பல், இதற்குத் தக்கபடி மற்றதை எல்லாம் நகர்த்து என்றால் நகர்த்திவிடும். அப்படி ஓர் இடம் கிடைக்க அவள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி திருநீறு. நம் ஊர்க் கல்யாணப் போட்டோவில் எவராவது ஒருவர் நெற்றியில் பட்டையாக அது இருந்தே தீரும், அதில் சிவப்பும் கிடையாது நீலமும் கிடையாது, சுத்தச் சாம்பல். அப்பாவிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறாள், உங்க பொண்ணு திருநீற்றை நம்பித்தாம்ப்பா பிழைக்கிறா என்று. "அட, அதுக்காவது ஆச்சே" என்று சிரித்தார். இந்தப் படத்தில் மாமனார் நெற்றி இருக்கிறது, மூன்று வரி, வஞ்சகமில்லாமல் பூசியது. பெரிதாக்கினாள், நடு வரியில் தொட்டாள். சிவப்பு இறங்கிற்று. வாழையிலை பச்சை ஆயிற்று, மாமியாரின் அரக்குப் புடவை அரக்காயிற்று, முகங்களுக்கு உயிர் வந்தது. அப்பாவின் சட்டை நீலமாயிற்று.

நீலம். கருநீலம். மறுபடி பழையதற்குப் போய் மறுபடி தொட்டாள், நீலம். நடு வரியை விட்டு மேல் வரியில் தொட்டாள், நீலம்தான். சரி சரி, பதற என்ன இருக்கிறது. கல்யாண வீட்டுத் திருநீறு சுத்தமாகவா இருக்கும், வரவேற்பில் கொடுத்த சந்தனத்தை அதே விரலால் தொட்டு அதன் மேலேயே தீற்றியிருப்பார் மனுஷன். சந்தனம் கலந்தது மஞ்சளாக இருக்கும், மஞ்சளைக் கொண்டுபோய் மெஷினிடம் சாம்பல் என்று சொன்னால் அது அந்த மஞ்சளைக் கழிக்கிறேன் என்று எல்லாவற்றிலும் நீலத்தை ஏற்றும், கறுப்பு நீலமாகும், அவ்வளவுதான் கதை. மாமனார்மேல் பழியைப் போட்டதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பாவம், நல்ல மனிதர். அந்த வீட்டில் வாய் மாமியாருக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியனுப்பினாரே, சம்பந்தி எந்தக் கொள்கையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், மணையில் கறுப்பு மட்டும் வரக் கூடாது என்று. தேமொழியும் சபாபதியும் டைப்ரைட்டிங் வகுப்பில் பழகி, தாங்களாகவே முடிவு பண்ணிய கல்யாணம். அப்பா அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை, அய்யர் வைத்தா, வை. அக்னி வளர்த்தா, வளர். உன் கல்யாணம், உன் இஷ்டம். சட்டை விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்ல எல்லாருக்கும் பயம், கடைசியில் அவள்தான் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாளைக்கு மட்டும்ப்பா என்றாள். ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏம்மா, திருஷ்டி படாம இருக்க உன் கன்னத்துல மட்டும் கறுப்பு வைப்பாங்களே, அது பரவாயில்லையாமா?" கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அப்புறம் அதிகாலை முகூர்த்தம், இருட்டு விலகாத நேரம், புகை, தலை நிமிரக் கூடாது என்று பக்கத்தில் அத்தை வேறு. கடைக்கண்ணில்தான் பார்த்தாள், கூட்டத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு சட்டை வந்து நின்றது. மாமியார் மூக்கால் ஒரு மூச்சு விட்டார், அது போதாதா. அந்த மூச்சை அவள் எத்தனை காலம் கேட்டாள்! புடவை எடுக்கப் போனாலும் மூச்சு, வளைகாப்புக்கு நாள் பார்த்தாலும் மூச்சு, 'உங்கப்பாதான் அன்னைக்கே போட்டுக்கிட்டு வந்தாரே' என்று முடிகிற பேச்சு. ஒரே ஒரு நாள் கேட்டேன், எனக்காக ஒரே ஒரு நாள், தரவில்லையே. அண்ணன் மேடையில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் கை தட்டுவார்கள், அவளும் தட்டுவாள், உள்ளே மட்டும் முள் திரும்பிக்கொள்ளும். அதற்காக அப்பாவோடு சண்டை ஒன்றும் இல்லை. வந்தார், போனார், பேரப்பிள்ளைகளைத் தூக்கினார், அவளும் இட்லி வைத்தாள். ஆனால் அவர் கேட்காததை அவளாக எடுத்துச் சொன்னதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருந்ததில்லை, ஓர் எட்டுத் தள்ளித்தான் கடைசிவரை. அம்மா ஒருதடவை, "அன்னைக்கு உங்கப்பா என்ன பாடு பட்டார்னு உனக்கென்னடி தெரியும்" என்று ஆரம்பித்தாள். போதும்மா, அந்தப் பேச்சை எடுக்காதே என்று வாயை அடைத்துவிட்டாள் தேமொழி. என்ன சொல்ல வந்தாள் அம்மா? அம்மாவும் போயாகிவிட்டது. இப்போது யாரைக் கேட்க? திரையில் அப்பா நீலச் சட்டையில் சிரிக்கிறார்.

சரி, திருநீறு வேண்டாம், வேட்டியைப் பார்ப்போம். மாப்பிள்ளையின் புது வேட்டி, மடிப்புக் கலையாதது, அதைவிட வெள்ளை எது? இடுப்புப் பக்கம் மஞ்சள் தீற்றியிருந்தது, அதைத் தவிர்த்துவிட்டு முழங்கால் பக்கம் நல்ல இடமாகப் பார்த்துத் தொட்டாள். படம் லேசாக மஞ்சளுக்கு நகர்ந்தது. சட்டை கறுத்தது. கறுத்தே போயிற்று, கன்னங்கரேல் என்று. அப்பாடா. நாற்காலியில் சாய்ந்தாள், மூச்சு வந்தது. அண்ணனின் கறுப்பு, மேடையின் கறுப்பு, அவளுடைய முள்ளின் கறுப்பு எல்லாம் இருந்த இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன. இதை அப்படியே சேமித்து அச்சுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். கைகூட மவுசில் போயிற்று. ஆனால் இந்தப் பாழாய்ப் போன கண் இருக்கிறதே, சும்மா இருக்குமா. வேட்டி வெள்ளையா? எந்த ஊர் வேட்டி வெள்ளை? சலவையில் நீலம் போடாமல் எவன் வேட்டி விற்கிறான்? துணிக்கு நீலம் போட்டால்தான் வெள்ளை வெளேர் என்று தெரியும், இது துணிக்கடைக்காரன் மகளுக்குத் தெரியாதா. நீலம் போட்டதைக் கொண்டுபோய் மெஷினிடம் இதுதான் வெள்ளை என்றால், அது அந்த நீலத்தைக் கழிக்கிறேன் என்று சட்டையில் இருக்கிற நீலத்தையும் சேர்த்துக் கழித்துவிடும். திருநீற்றில் சந்தனம் இருந்தால் சட்டை கறுப்பு. வேட்டியில் நீலம் இருந்தால் சட்டை நீலம். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. மற்றவர்கள் படமாக இருந்திருந்தால் அவள் இந்நேரம் சிரித்திருப்பாள், எது பொய் என்று மூக்கால் மோந்தே சொல்லியிருப்பாள். இன்றைக்கு மட்டும் ஏன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள்? கறுப்பு என்றால் பழகின வலி, அதோடு குடித்தனம் பண்ணியாகிவிட்டது. நீலம் என்றால்? நீலம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

துணிக்கடைக்காரன் மகள். கடை அப்பாவுடையது இல்லை, அவர் அங்கே சேல்ஸ்மேன். கடைத்தெருவில் கோமளம் ஜவுளி ஸ்டோரில், மேட்சிங் ரவிக்கைத் துணிப் பக்கம் அவர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். புடவையைக் கொண்டுவந்து போட்டு இதற்கு ரவிக்கைத் துணி என்பார்கள், டியூப்லைட்டில் எல்லாம் பொருந்தின மாதிரிதான் இருக்கும், கொண்டா கட்டு என்பார்கள். அப்பா கட்ட மாட்டார். "வெளியில எடுத்துப் போய்ப் பாருங்கம்மா" என்று தானே துணியையும் புடவையையும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போவார். பகல் வெளிச்சத்தில் வைத்ததும் உள்ளே ஒன்றாக இருந்தது இரண்டாகிவிடும், இது மாந்துளிர் அது கிளிப்பச்சை, இது கறுப்பு அது கருநீலம். முதலாளிக்கு எரிச்சலாக வரும், வியாபாரம் கெடுகிறதே என்று. அப்பா துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் லேசாக இழுத்துக் காட்டுவார். காட்டுவார், அவ்வளவுதான். வாங்கு என்று சொல்ல மாட்டார், நல்லாயிருக்கு என்றும் சொல்ல மாட்டார். "காட்டுறது என் வேலை, பாக்குறது உங்க வேலை." அதைச் சொல்லிவிட்டு அப்படியே சிரித்துக்கொண்டு நிற்பார், அவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தாலும் கை தாழாது. எந்தத் துணி எந்த விளக்கில் எப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரியாதது கிடையாது. இங்க் ப்ளூ என்கிற கருநீலத்தைப் பற்றி ஒருநாள் அவரே சொன்னார், ராத்திரி மஞ்சள் பல்பில் பார்த்தால் இதுக்கும் கறுப்புக்கும் கடவுளே வந்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது என்று. சொல்லிவிட்டு, "வந்தாத்தானே" என்று சேர்த்துக்கொண்டார். பக்கத்திலிருந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

தேமொழி எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். வெள்ளையில் தீராது, கறுப்பில்தான் தீர்க்க வேண்டும். நிச்சயமான கறுப்பு ஒன்று வேண்டும், இந்தப் படத்துக்குள்ளேயே, அதே வெளிச்சத்தில் நின்ற கறுப்பு. தலைமுடி ஆகாது, எண்ணெய் பளபளப்பில் எந்த நிறத்தையும் வாங்கிக் காட்டும். மாமனார் கண்ணாடி ஃபிரேம், அது பிரவுனாகவும் இருக்கலாம். தவில்காரர் பை, யார் கண்டது. கண் படம் முழுக்க ஊர்ந்து வந்து மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நின்றது. தலை குனிந்திருக்கிறாள், முகம் உம்மென்று இருக்கிறது. அந்த உம்மென்ற முகத்தின் இடது கன்னத்தில், தாடைக்குச் சற்று மேலே, ஒரு பொட்டு. திருஷ்டிப் பொட்டு. மாமியார் தன் கையால் வைத்தது, விளக்குக் கரியை நெய்யில் குழைத்த கண்மை. கரியைவிடக் கறுப்பு உலகத்தில் எது? அதில் சந்தனம் இல்லை, சலவை நீலம் இல்லை. தன் கன்னத்தைத் தானே பெரிதாக்கினாள், பெரிதாக்கினாள், திரை முழுக்கக் கன்னம், நடுவில் பொட்டு. வேட்டியை நம்பிச் செய்த படத்தில் முதலில் பார்த்தாள். கரி பழுப்பாக இருந்தது. கரி எங்கேயாவது பழுப்பாக இருக்குமா? திருநீற்றை நம்பிச் செய்த படத்துக்கு மாறினாள். பொட்டு பொட்டாக இருந்தது, கறுப்பாக, சுத்தமாக. மாமனாரே, மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் பூசியது திருநீறுதான். இப்போது அந்தப் பொட்டையும் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், ரவிக்கைத் துணியையும் புடவையையும் வைக்கிற மாதிரி. ஒன்று கறுப்பு. மற்றது நீலம். சந்தேகமே இல்லை, பச்சைப் பிள்ளை சொல்லும். அவள் கண் தப்பாது.

அப்பா கறுப்பைப் போட்டுக்கொண்டு வரவில்லை. ஒரே ஒரு நாள் கேட்டாள், அவர் தந்துவிட்டார். கடையில் அத்தனை துணியிலும் தேடி, மணைக்கு முன்னால் கறுப்பாக இல்லாததும், இயக்கத் தோழர்கள் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதுமாக ஒரு துணியை எடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மண்டபத்தில் வீடியோக்காரன் பிடித்த விளக்கு மஞ்சள், பார்த்த கண்ணுக்கெல்லாம் அது கறுப்பு, மாமியாருக்குக் கறுப்பு, அண்ணனுக்குக் கறுப்பு, குனிந்த தலைக்குக் கடைக்கண்ணில் கறுப்பு. போட்டோக்காரனின் ஃபிளாஷ் மட்டும் பகல் வெளிச்சம் மாதிரி ஒரு நொடி அடித்து, உள்ளதைப் பார்த்திருக்கிறது. அதுவும் சிவந்து போய் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லையே, ஏம்ப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாப்பா, அது நீலம்மா என்று ஒரு வார்த்தை. கேட்டுக்கொண்டே திரையில் அப்பாவிடம் வந்த கண் அவர் கையில் நின்றுவிட்டது. இரண்டு விரல். சட்டையின் ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் லேசாக இழுத்து. அண்ணன் சொல்கிற மாதிரி ஊருக்குக் காட்டுகிறவர் ஊரைப் பார்த்தல்லவா நிற்க வேண்டும். அப்பா ஊரைப் பார்க்கவில்லை. கீழே பார்க்கிறார், மணைப் பக்கம், குனிந்த தலையைப் பார்க்கிறார். வாசற்படியில் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே கை, அதே சிரிப்பு. சொல்லத்தான் செய்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த விதத்தில், கை தாழாமல், அவள் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று நின்றிருக்கிறார். அவள் நிமிரவில்லை. தேமொழி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், கடை ஷட்டர் திறந்திருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண் தெளியட்டும் என்று சற்று நேரம் சாம்பல் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அழுத கண்ணோடு கலர் பார்க்கக் கூடாது.

அச்சுக்குப் போட உட்கார்ந்தாள். கறுப்பாக்கவா என்று கேள்வி வந்தது உண்மைதான், ஒரு தட்டுத் தட்டினால் ஆயிற்று, அண்ணனும் சந்தோஷம் ஊரும் சந்தோஷம். வராமல் இருக்குமா அந்தக் கேள்வி. ஆனால் அப்பா தேர்ந்தெடுத்த துணியை மாற்ற நான் யார்? படிப்பக மேடையில் எப்போதும் இருப்பது அந்த இரண்டு மஞ்சள் விளக்குத்தான், அவருக்குத் தெரியாததா. அவர் எப்படி வந்தாரோ அப்படியே போகட்டும். கூட்டத்தை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் பெரிதாக்கி அனுப்பினாள். பெரிய பிரின்டர் இப்படியும் அப்படியும் ஓடி அவரைத் தலையிலிருந்து கீழே கீழே இறக்கிக் கொடுத்தது. நெற்றி, சிரிப்பு, கழுத்து, நீலம், இரண்டு விரல். காய வைத்து, ஃபிரேமில் பொருத்தி, முன்பக்க மேஜைக்குக் கொண்டுபோய் வைத்து, மஞ்சள் பல்பைப் போட்டுப் பார்த்தாள். அப்பா கறுப்புச் சட்டையில் நின்றார். மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இங்கர்சால் உள்ளே வந்து படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அடேயப்பா" என்றார். "கறுப்புன்னா இதும்மா கறுப்பு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். படத்தை மூடுவதற்குக் கொண்டுவந்திருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபிரேமைத் தூக்கினார். விட்டுவிடலாம், துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டால் எதுவுமே தெரியப்போவதில்லை. அப்பாகூட முதலாளி சொன்னதைக் கேட்டு உள்ளேயே கட்டிக் கொடுத்திருக்கலாம்.

"அண்ணே" என்றாள். "வெளியில எடுத்துப் போய்ப் பாரு."

அவருக்கும் அந்த வார்த்தை தெரியும், அவரும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான். படியிறங்கி ஃபிரேமை வெயிலில் நிமிர்த்தினார். பார்த்தார். சாய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா, நீலமா இருக்கு?"

"நீலந்தான்."

"மெஷின் எதுவும் தப்புப் பண்ணிருச்சா?"

"மெஷின்ல தப்பில்லை. நான் பாத்துட்டேன்."

"பின்ன யாரு சொன்னது நீலம்னு?"

"அப்பாதான். பாரு, இழுத்துப் பிடிச்சுக் காட்டிக்கிட்டு நிக்கிறார்ல."

இங்கர்சால் அந்த இரண்டு விரலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ, அவர் முகத்தில் கோபம் வந்தது, போயிற்று. பிறகு குரலே இல்லாமல், "சாயங்காலம் நான் என்னத்தைம்மா பேசுறது?" என்றார்.

"மேடையில மஞ்ச லைட்டுதாண்ணே, கறுப்பாத்தான் தெரியும். நீ உன் மனசுப்படி பேசு."

அவர் ஃபிரேமைக் கண்ணுக்கு அருகில் தூக்கினார். அப்பாவின் கண் போகிற திசையைத் தானும் பார்த்துக்கொண்டு போனவர், அது ஃபிரேமின் ஓரத்தில் முடிந்துவிடுவதைப் பார்த்து நிமிர்ந்தார். "யாருக்குக் காட்டுறாரு இதை?"

"எனக்கு."

"அன்னைக்கு நீ பாக்கலையா?"

"இல்லை" என்றாள் தேமொழி. "இப்பதாண்ணே பாத்தேன்."

இங்கர்சால் தோளில் கிடந்த துணியை எடுத்தார். படத்தின் மேல் போடப் போனவர் கையை நிறுத்தி, "மூடட்டுமா?" என்று தங்கையைக் கேட்டார்.

"இரு, இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சத்துல இருக்கட்டும்" என்றாள் அவள். வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்த ஆட்டோக்காரர் இருவரையும் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தார்.